பெட்டாவுக்கு ரெடிமேட் செடித்தொட்டி: கண்ணாடி அருமை, பம்ப் தொல்லை

தொட்டி பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரை மாற்றிய கையோடு எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். பெட்டாவுக்கு, அதாவது ஃபைட்டர் மீனுக்கு, இந்த மாதிரி தொட்டி வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கும் சேர்த்துத்தான் இது.

20 லிட்டர் தொட்டி. பின்பக்கம் தடுப்பு வைத்த ஃபில்டர் அறை, எல்இடி விளக்கு, மூடி எல்லாம் ஒன்றாகவே வரும் ரகம். கண்ணாடியைக் குறை சொன்னால் வாய் அழுகிவிடும். ஓரங்கள் வழவழப்பு, சிலிக்கான் எங்கும் பிதுங்கவில்லை. விளக்கும் அளவானது, தினம் ஏழெட்டு மணி நேரம் எரியவிட்டால் செடிக்குப் போதும், பாசியும் மிஞ்சாது. மூடி கச்சிதமாக உட்காரும். பெட்டா எகிறிக் குதிக்கும் மீன் என்பதால் அது முக்கியம்.

செடிகளும் பாடுபடுத்தவில்லை. அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் கட்டையில் நூலால் கட்டிவிட்டால் போதும், குறைந்த வெளிச்சத்திலேயே பிழைத்துக்கொள்ளும். அவற்றின் கிழங்கை மட்டும் மணலில் புதைக்கக் கூடாது, அழுகிவிடும். கிரிப்டோகோரைன் நட்ட புதிதில் இலைகள் கூழாகக் கரையும். பதறிப் பிடுங்கி எறியாதீர்கள், வேர் நன்றாக இருந்தால் திரும்பத் துளிர்க்கும். மீன் விடாமல் 4 முதல் 6 வாரம் தொட்டியை ஓடவிட்டு, கழிவிலிருந்து வரும் நச்சுகளான அமோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் காட்டிய பிறகு மீனை விடுவது எந்தத் தொட்டிக்கும் பொது விதி.

இனி அந்த பம்ப்.

பெட்டா தாய்லாந்துப் பக்கத்து வயல்களிலும் குட்டைகளிலும், புல் மண்டிய ஆழமில்லாத நீரில் வாழ்ந்து பழகிய இனம். அங்கே தண்ணீர் நின்றிருக்கும், இல்லையென்றால் மெல்ல நகரும். அதன் தலைக்குள் லாபிரிந்த் என்ற தனி உறுப்பு இருக்கிறது. மேலே வந்து காற்றையே நேராக விழுங்கிச் சுவாசிக்கும். நீண்ட வாலும் செட்டையும் மனிதர்கள் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்துவிட்டவை. அந்தச் சுமையோடு எதிர்நீச்சல் போட அதனால் ஆகாது. பெட்டாவுக்கென்றே விற்கிற தொட்டியில் இது தெரியாதவர்களா பம்பைத் தேர்ந்தெடுத்தார்கள்?

திருகைக் கடைசிவரை குறைத்தாலும் வாய்க்குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறது. நடுத்தொட்டிக்கு வந்தால் என் மீன் காற்றில் மாட்டிய கொடித்துணி போல ஒருபக்கமாக இழுபடும். குழாய்வாயில் ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றைச் செருகிப் பார்த்தேன். வேகம் அடங்கியது. ஆனால் ஸ்பாஞ்சில் அழுக்கு அடைத்ததும் தண்ணீர் குழாயின் இணைப்பு வழியே பக்கவாட்டில் கசிய ஆரம்பிக்கும். அலசிப் போடு, மறுபடி அடைக்கும், மறுபடி அலசு.

இதைவிட எரிச்சல் ராத்திரி சத்தம். இந்த வகைத் தொட்டியில் நீர் ஆவியானால் முன்பக்க மட்டம் குறையாது, குறைவதெல்லாம் பின்னறையில்தான். பார்க்கத் தொட்டி நிறைந்தே இருக்கும், பம்ப் மட்டும் பாதி காற்றும் பாதி தண்ணீருமாக உறிஞ்சிக் கொரகொரவென்று இழுக்கும். தூக்கத்தில் எழுந்துபோய் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால்தான் வாயை மூடும். பின்னறையில் அளவுக்கோடு ஒன்று போட்டிருந்தால் போதுமே, அதுகூட இல்லை.

கடைசியில் இம்பெல்லரின் அச்சு ஒடிந்தது. உதிரிபாகம் வரும்வரை பம்ப் ஓடவில்லை. பம்ப் நின்றால் பின்னறை ஹீட்டர் அங்கேயே சூடாக்கிக்கொண்டிருக்கும், முன்பக்கம் குளிர்ந்துவிடும். அதனால் ஹீட்டரை முன்னால் நகர்த்தி 26 டிகிரியில் வைத்தேன். ஃபில்டர் ஸ்பாஞ்சையும் எடுத்து முன்னால் மிதக்கவிட்டேன். அதில் குடியிருந்து அமோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா காய்ந்தாலோ குளோரின் பட்டாலோ செத்துவிடும், அதனால் குழாய்த்தண்ணீரில் காட்டவே இல்லை. அமோனியா ஏறவில்லை. செடிகள் அமோனியாவை உரமாக எடுத்துக்கொள்ளும், ஒற்றை மீன் போடும் கழிவு அவற்றுக்கு ஒரு பொருட்டில்லை.

நான் எதிர்பார்க்காதது மீன் செய்த காரியம். இத்தனை காலம் மூலையில் ஒண்டிக்கிடந்தது, தொட்டி முழுக்கச் சுற்ற ஆரம்பித்தது. மிதக்கும் ஃப்ராக்பிட் இலைக்கு அடியில் வாய் எச்சிலில் பொதிந்த குமிழ்களை ஒவ்வொன்றாக ஒட்டி, கட்டைவிரல் அகலத்துக்கு நுரைக்கூடு கட்டிவிட்டது. ஒரு குமிழ் நழுவினால் பின்னாலேயே ஓடிக் கவ்விவந்து மறுபடி ஒட்டியது. அலையடிக்கும் நீரில் இந்தக் கூடு நிற்காது. ஆண் பெட்டா துணை இல்லாமலும் கூடு கட்டும். அதற்கு ஏதோ பெரிய சந்தோஷம் என்று கதை கட்ட நான் தயாரில்லை. ஆனால் பம்ப் ஓடியவரை இந்தக் கூட்டை நான் கண்டதே இல்லை.

இப்போது புது இம்பெல்லர் சுற்றுகிறது. கூடு போன இடம் தெரியவில்லை.

ஆகவே நண்பரே, வாங்காதீர்கள். வெறும் கண்ணாடித்தொட்டி, சின்ன ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், காற்றைக் குறைக்க ஒரு வால்வு, தனியாக ஒரு விளக்கும் மூடியும். பெட்டாவுக்கு அது போதும். விளக்கும் கண்ணாடியும் இவ்வளவு நேர்த்தியாக அமையுமா என்று கேட்டால், அமையாதுதான். அதனால் இதே தொட்டியில் இன்னொன்று, செர்ரி இறாலுக்கு வாங்கலாம் என்று பார்த்துவைத்திருக்கிறேன். பிரித்ததும் பம்ப் குப்பைக்குப் போகும்.