நெற்றியில் காந்தம் ஒட்டுகிறதா? பட்டையை வாங்கிவிடாதீர்கள்

ரங்கூனில் நம்மவர்கள் குடியிருக்கும் தெருக்களில் காந்தப் பட்டை விற்கும் ஒருவர் வீடு வீடாக ஏறி இறங்குகிறார். பெரியவர்களை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துவிட்டு, தட்டையான வட்டக் காந்தம் ஒன்றை அழுத்தி வைக்கிறார். அது விழாமல் நிற்கும். “பாருங்கம்மா, ரத்தத்துல இரும்பு கெட்டுக் கிடக்கு, அதான் இழுக்குது” என்று சொல்லி, மூட்டுவலிக்கும் சர்க்கரைக்கும் கைப்பட்டையை விற்றுவிடுகிறார். வாங்கிய பாட்டி ஒருவர் சர்க்கரை மாத்திரையையே நிறுத்திவிட்டார். பணத்தைத் திருப்பிக் கேட்டால் போனை எடுப்பதில்லை.

காந்தத்தைப் பிடித்து வைப்பது வியர்வையும் தோலின் எண்ணெய்ப் பசையும்தான். முடியில்லாத வழவழப்பான இடமாகப் பார்த்து வைப்பதும், ஈரத்துணியால் துடைப்பதும் அதற்காகவே. பின்னால் சாய்ந்தால் காந்தத்தின் எடை தோல்மேல் அமர்ந்துவிடும், வழுக்காது. மழைக்காலப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம்.

பெரியவர் ஒருவர் உடம்பில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கும், ஒரு சின்ன ஆணி அளவு. அதுவும் உலோகமாக இல்லை. பெரும்பகுதி ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபின் புரதத்தில் அணு அணுவாகப் பிணைந்து கிடக்கிறது. ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தைக் காந்தம் இழுக்காது, மிக மெலிதாக விலக்கவே செய்யும். எம்ஆர்ஐ ஸ்கேன் இயந்திரத்தின் காந்தம் பெரும்பாலும் 1.5 டெஸ்லா (காந்த வலிமையின் அளவு), பிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தத்தைவிட நூறு மடங்குக்கும் மேல். அதற்குள் படுப்பவர் யாரும் சுவரில் போய் ஒட்டிக்கொள்வதில்லை.

பட்டை விற்பவர் மறுபடி வந்தால் நெற்றியில் தனக்கா (பர்மியர் முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து) பூசி, நன்றாகக் காய்ந்து மாவாக நிற்கும்போது வைக்கச் சொல்லுங்கள். முகப்பவுடரும் போதும். நிமிர்ந்து உட்காருங்கள்; காந்தம் நழுவி மடியில் விழும். அதே பவுடரை இரும்புக் கதவில் தடவி, அதன்மேல் காந்தத்தை வையுங்கள், அங்கே அப்படியே ஒட்டும். துடைத்த நெற்றியில் காந்தத்துக்குப் பதில் வழவழப்பான பிளாஸ்டிக் வில்லையை வைத்தாலும் நிற்கும். காது மடலில் ஒட்டிக் காட்டினால் மடலின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், அங்கே இன்னொரு காந்தம் இருக்கும்.

வாங்கியவர்கள் மாத்திரையை நிறுத்தியிருந்தால் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். பேஸ்மேக்கர் (இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி) வைத்தவர்கள் பட்டையை நெஞ்சிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். காந்தம் நெருங்கினால் பேஸ்மேக்கரின் இயக்கமே மாறும். பட்டை அறுந்து காந்த மணிகள் சிதறினால் ஒன்று விடாமல் பொறுக்குங்கள். குழந்தை இரண்டை விழுங்கினால் அவை குடலின் இருவேறு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சிக்கிய சுவரை நசுக்கி ஓட்டை போட்டுவிடும். வலி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.