சிரிப்பு மன்றத்தில் கிடைப்பதும் கிடைக்காததும்

எங்கள் பகுதியின் மாநகராட்சிப் பூங்காவில் காலை ஆறரை மணிக்குக் கூடும் சிரிப்பு மன்றத்திற்குக் கட்டணம் கிடையாது. நகைச்சுவைத் துணுக்குகளை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். இங்கே யாரும் துணுக்குச் சொல்வதில்லை. 1995-இல் மும்பைப் பூங்கா ஒன்றில் மருத்துவர் மதன் கட்டாரியா ஒரு சிலரோடு தொடங்கிய முறை இது. அவரும் முதலில் துணுக்குகளையே நம்பியிருந்தார்; நல்லவை விரைவில் தீர்ந்து, எஞ்சியவை கேட்பவர் மனத்தைப் புண்படுத்தத் தொடங்கியதால்தான் காரணமின்றிச் சிரிக்கும் பயிற்சிக்கு மாறினார்.

கைதட்டலோடு 'ஹோ ஹோ, ஹா ஹா ஹா', நடுநடுவே மூச்சுப்பயிற்சி, நாக்கை நீட்டிச் செய்யும் சிங்கச் சிரிப்பு, காதருகே கையை வைத்துக்கொண்டு கைபேசிச் சிரிப்பு என்று அரை மணி நேரம் போகிறது. முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் வட்டமாக நின்று ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கும்போது, வலிந்து தொடங்கிய சிரிப்பு எதிரிலிருப்பவரின் முகத்தைக் கண்டு தானாகவே பொங்கிவிடுகிறது. தனித்திருப்பதைவிடப் பிறரோடு இருக்கையில் மனிதர் ஏறத்தாழ 30 மடங்கு அதிகம் சிரிப்பதாக அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரொவைன் கண்டறிந்தது இங்கே நன்றாகவே விளங்குகிறது. சேர்ந்து சிரித்தவர்களுக்கு வலி தாங்கும் திறன் கூடியதை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ராபின் டன்பாரின் குழுவினரும் பதிவுசெய்து, மூளையில் சுரக்கும் எண்டார்ஃபின் என்ற வலி தணிக்கும் வேதிப்பொருள் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றனர்.

ஒருங்கிணைப்பாளர் இத்துடன் நிற்பதில்லை என்பதே என் குறை. சிரித்தால் சர்க்கரை நோய் தீரும், மாத்திரையைக் குறைத்துவிடலாம் என்ற தொனியில் அவர் பேசுவது பொறுப்பற்றது. குடலிறக்கம் உள்ளவர்களும் அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் வயிற்றை அழுத்திச் சிரிப்பது ஆபத்தாகலாம்; புதிதாக வருகிறவர்களிடம் அதை யாரும் கேட்பதில்லை. பூங்காவை ஒட்டிய வீடுகளில் உறங்குபவர்களின் நிலையையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

மன்றத்தின் உண்மையான பயனை நான் அமர்வு முடிந்தபின் சிமெண்ட் பெஞ்சுகளில்தான் பார்க்கிறேன். பணி ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியே இருப்பவர்கள், நான்கு பேரிடம் பேச வாய்ப்பில்லாத இல்லத்தரசிகள் எனப் பலரும் அங்கே அரைமணி கூடுதலாக உட்கார்ந்து பேசுகிறார்கள். தொடர்ந்து இரண்டு நாள் ஒருவர் வரவில்லையென்றால் யாராவது தொலைபேசியில் விசாரிக்கிறார்கள். ஆகவே மருந்தை நிறுத்தும் எண்ணத்தோடு வருபவர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் இதைப் பரிந்துரைக்கிறேன். பயிற்சி முடிந்ததும் அவசரமாகக் கிளம்பிவிடாதீர்கள். மழை பெய்தால் அமர்வு கிடையாது.