எட்டு வியாழக்கிழமைகளும் என் ஒரு கேள்வியும்

சிங்கப்பூரில் நடந்த ஒரு கத்தோலிக்க இறையியல் வகுப்பில் நான் சேர்ந்தது ஒரே ஒரு கேள்விக்காக. 2023-இல் அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் வெண்டிலேட்டரில் இருந்தார். பத்தொன்பதாம் நாள் மருத்துவர் எங்களை ஒரு சின்ன அறைக்கு அழைத்து, இனி இயந்திரத்தால் பயன் இல்லை, எடுத்துவிடலாமா என்று கேட்டார். தூத்துக்குடியிலிருந்து தம்பி தொலைபேசியில் இருந்தான். சரி என்று நான்தான் சொன்னேன். அன்று மாலையே அம்மா போய்விட்டார். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் தம்பி கேட்டான்: "அக்கா, அம்மாவ நாமளே கொன்னுட்டோம்னு ஆகிடாதா?"

கோயிலில் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் ஆறுதல் சொன்னார். ஆனால் தம்பிக்குச் சொல்ல எனக்கு ஒரு பதில் தேவைப்பட்டது. அது கிடைக்கவில்லை.

அப்புறம்தான் ஒரு பங்கு ஆலயத்தின் மடலில் இந்த வகுப்பைப் பற்றிப் பார்த்தேன். கத்தோலிக்க இறையியலும் மெய்யியலும் இன்றைய கேள்விகளும். எட்டு வாரம், வியாழன் இரவு 7.30 முதல் 9.30 வரை, கட்டணம் 90 சிங்கப்பூர் வெள்ளி. 2025 பிப்ரவரி 6-இல் தொடங்கி மார்ச் 27-இல் முடிந்தது. குறைகளையும் எழுதப் போவதால் பங்கின் பெயரைச் சொல்லவில்லை. நகரின் நடுவில், எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. வேலை முடிந்து நேராகப் போகலாம். முப்பது பேர் இருந்தோம். ஓய்வுபெற்ற சீனப் பொறியாளர் ஒருவர், பிலிப்பினோ தாதியர் இருவர், பூசைக்குப் போவதையே நிறுத்திவிட்ட ஒரு பல்கலைக்கழக மாணவர். தமிழர் என்று பார்த்தால் நானும், லூர்து மாதா ஆலயத்தில் பார்த்துப் பழகிய ஓர் ஆண்ட்டியும்.

பாடம் நடத்தியவர் ஓர் அருட்தந்தை. முதல் நாளே எங்களைப் பேச வைத்தார். புனித தாமஸ் அக்குவினாஸ் தம் 'சும்மா தெயோலோஜியே' என்ற இறையியல் நூலில் ஒவ்வொரு கேள்வியையும் எப்படிக் கட்டுகிறார் என்று காட்டினார். முதலில் கேள்வி. உடனே மறுப்புகள். அதற்கு எதிராக ஒரு மேற்கோள். பிறகுதான் அவருடைய பதில். கடைசியில் ஒவ்வொரு மறுப்புக்கும் தனித்தனியாக விடை. கடவுள் இருக்கிறாரா என்ற கேள்விக்கு அவர் வைக்கும் மறுப்புகள் இரண்டே இரண்டு. எல்லையற்ற நன்மை இருந்தால் தீமை எப்படி இருக்க முடியும் என்பது ஒன்று. உலகில் நடப்பதையெல்லாம் இயற்கையையும் மனித மனத்தையும் கொண்டே விளக்கிவிடலாமே, கடவுள் எதற்கு என்பது மற்றொன்று. 13ஆம் நூற்றாண்டில் ஒரு துறவி எழுதி வைத்ததைத்தான் இன்று என் அலுவலகத்து இளைஞர்கள் மதிய உணவின்போது என்னிடம் கேட்கிறார்கள்!

தந்தை வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மறுப்பின் பக்கம் நிற்கச் சொன்னார். அந்த மாணவர் தீமையைப் பற்றிப் பேசியபோது அறையே அமைதியாகிவிட்டது. தந்தை உடனே பதில் சொல்லவில்லை. ஒரு வாரம் இதோடு இருங்கள், அடுத்த வியாழன் பார்ப்போம் என்றார். சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் கேள்வி கேட்டால் "விசுவாசம் வேணும்மா" என்பதோடு முடித்துவிடுவார்கள். அப்படி வளர்ந்த எனக்கு அந்த ஒரு வாரம் பெரிய மரியாதையாக இருந்தது. 90 வெள்ளி அதற்கே தகும்.

நான்காம் வாரம்தான் என் கேள்வியின் வாரம். 1957 நவம்பர் 24-இல் திருத்தந்தை (போப்) 12ஆம் பயஸ் மயக்க மருந்து மருத்துவர்களிடம் ஆற்றிய உரையை வரிவரியாகப் படித்தோம். செயற்கைச் சுவாச இயந்திரங்கள் அப்போது புதிது. ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கிலிருந்து ஒரு மருத்துவர் கேள்விகள் அனுப்பியிருந்தார்: நம்பிக்கையே இல்லாத நிலையிலும் இயந்திரத்தைப் பொருத்தத்தான் வேண்டுமா? பொருத்தியதை எடுக்கலாமா? என் கேள்வியேதான். நான் பிறப்பதற்கு முன்பே ஒருவர் கேட்டிருக்கிறார்.

பதிலின் சாரம் இது. உயிரைக் காக்கும் கடமை நமக்கு உண்டு. ஆனால் அந்தக் கடமை சாதாரண வழிகளோடு நிற்கிறது. எது சாதாரணம் என்பதை ஆளையும் இடத்தையும் காலத்தையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். நோயாளிக்கோ மற்றவர்க்கோ பெரும் பாரமாகிவிடும் வழியை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குடும்பம் கேட்டால் மருத்துவர் இயந்திரத்தை நிறுத்தலாம், அது கருணைக்கொலை ஆகாது. இது புதிதாக முளைத்த சிந்தனையும் இல்லை. 16ஆம் நூற்றாண்டிலேயே தொமினிக்கன் துறவி பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா, சாப்பிடவே முடியாமல் தவிக்கும் நோயாளி சாப்பிட்டே ஆக வேண்டுமா என்று ஆராய்ந்திருக்கிறார்.

தந்தை அதை அங்கேயே விட்டுவிடவில்லை. நோயாளி இறக்க வேண்டும் என்று நினைத்து நிறுத்துவதும், பயனற்ற பாரத்தை இறக்கி வைப்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலத்தான் தெரியும், அதனால் நம்மை நாமே நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றார். குழாய் வழியாக உணவு கொடுப்பதும் இதே மாதிரியா என்று தாதியரில் ஒருவர் கேட்டார். இல்லை, உணவையும் நீரையும் கொள்கை அளவில் சாதாரண வழியாகவே கருத வேண்டும் என்று 2004-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சொல்லியிருக்கிறார் என்று விளக்கி, அங்கே இன்னும் கடினமான விவாதம் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னார். உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க வழிசெய்யும் சட்டம் சிங்கப்பூரில் 1996-இல் இயற்றப்பட்டது. அதைப் பற்றியும் பேசினோம். நான் இன்னும் எழுதி வைக்கவில்லை. ஆனால் என் மகளிடம் பேசிவிட்டேன்.

அன்றிரவு கடைசி ரயிலில்தான் வீடு திரும்பினேன். வகுப்பு முடிந்தும் தந்தை என்னோடு அரை மணி நேரம் உட்கார்ந்து, பத்தொன்பது நாள் கதை முழுவதையும் கேட்டார்.

மற்ற வாரங்களில், பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமெத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பது பலருக்குப் புதிய செய்தி. அதே 12ஆம் பயஸ் 1951-இல் அந்த அறிவியலில் படைப்பின் சாட்சியைக் கண்டதுபோலப் பேசியதை லெமெத்ர் விரும்பவில்லை என்பது எனக்குப் புதியது. விசுவாசத்துக்கு உதவுகிறதே என்று அரைகுறையாக ஒன்றைப் பிடித்துக்கொள்ள அவருக்கு மனமில்லை. செயற்கை நுண்ணறிவு வாரமும் நன்றாக இருந்தது. வத்திக்கான் அதைப் பற்றி வெளியிட்ட 'அந்திக்குவா எத் நோவா' குறிப்பு வந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம். அதன் தேதி 2025 ஜனவரி 28, அக்குவினாஸ் திருநாள். அந்த நுண்ணறிவு மனித அறிவின் விளைபொருளே தவிர மனித அறிவின் இன்னொரு வடிவம் அல்ல என்கிறது குறிப்பு. பொறியாளர் இதை ஒப்புக்கொள்ளவில்லை, நல்ல சண்டை நடந்தது. பரிணாமத்துக்கு ஒதுக்கிய நேரம் மட்டும் போதவே இல்லை, அவசர அவசரமாக முடித்துவிட்டார்கள்.

இனி குறைகள். கையேட்டின் எழுத்து மிகச் சிறியது, ஐம்பது வயதுக் கண்ணுக்கு ஆகாது. பின்வரிசையில் ஒலிவாங்கி கேட்காது. முன்னால் உட்காருங்கள், ஏர்கான் குளிருக்கு ஒரு சால்வை கொண்டு போங்கள். இடைவேளையில் தரும் கறிபஃபும் கோப்பியும் நன்றாக இருக்கும், ஆனால் பத்தே நிமிடம்தான்.

எனக்குப் பெரிய குறை மொழி. எல்லாம் ஆங்கிலத்தில். 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியத் துறவி ராபர்ட் தெ நொபிலி ஆன்மாவைப் பற்றியும் கடவுளைப் பற்றியும் தமிழ் உரைநடையில் வாதம் செய்து எழுதியவர். அதற்கான சொற்களை அன்றே தேடித் தந்தவர். நாநூறு ஆண்டு கழித்து, தமிழில் பூசை நடக்கும் ஊரில், இந்தக் கேள்விகளைத் தமிழில் பேச ஒரு மேசைகூட இல்லை. என் அருகில் இருந்த ஆண்ட்டி அறுபத்தெட்டு வயதுக்காரர். பாதிப் பாடத்தை நான்தான் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்ட கேள்விகள் வகுப்பிலேயே சிறந்தவை, ஆனால் வகுப்பு அவற்றைக் கேட்கவே இல்லை. அடுத்த முறை தமிழில் ஒரு குழு வையுங்கள் என்று பங்கு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இதுவரை சேர்ந்த பெயர்கள் நான்கு.

தம்பியிடம் நான்காம் வாரப் பாடத்தைத் தொலைபேசியில் சொன்னேன். 'சாதாரண வழி, அசாதாரண வழி' என்றபோது அவனுக்குப் பிடிபடவில்லை. வெண்டிலேட்டர் சாதாரணமா அசாதாரணமா, யார் சொல்வது என்று கோபப்பட்டான். 'பாரம்' என்ற சொல்லுக்கு வந்ததும் அமைதியானான். கொஞ்ச நேரம் கழித்து, "எழுதி அனுப்புக்கா, தமிழ்ல" என்றான். எழுதிக்கொண்டிருக்கிறேன், ஆறாம் பக்கத்தில் இருக்கிறேன்.