புகைக்கு விறகு: ஆறு வருட அனுபவம்

ஆறு வருடமாக ஸ்மோக்கரில், அதாவது விறகுப் புகையில் மெதுவாக வேகவைக்கும் அடுப்பில், இறைச்சியும் மீனும் புகை போட்டு வருகிறேன். ஆரம்பத்தில் ஹிக்கரியா, ஓக்கா, செர்ரியா என்று மரத்தின் பெயரிலேயே மூழ்கிக் கிடந்தேன். இப்போது ஒரு கட்டையைக் கையில் எடுத்தால் முதலில் பார்ப்பது ஈரத்தைத்தான்.

முதல் வருடம் பச்சை ஓக்கைப் பிளந்து, மழைக்குப் பயந்து தார்ப்பாயால் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அவிழ்த்தால் குப்பென்று புழுக்க வாடை, பட்டையெல்லாம் பச்சைப் பூஞ்சணம். அவ்வளவையும் கழித்துக்கட்டினேன். பூஞ்சணம் பிடித்த கட்டையைச் சாப்பாட்டுக்கு அருகில் கொண்டுபோக எனக்கு மனம் வராது.

அடுத்த வருடத்திலிருந்து கட்டைகளைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, காற்றுப் புக இடைவெளி விட்டு அடுக்குகிறேன். மேலே மட்டும் மூடி. பக்கங்கள் திறந்தே இருக்கும். முழு உருளையாக வைத்தால் பட்டை ஈரத்தை வெளியே விடாது, அதனால் வெட்டிய கையோடு பிளந்துவிடுவேன். மூன்று கட்டைகளில் சாக்பீஸால் எண் போட்டு மாதம் ஒருமுறை எடை பார்ப்பேன். 2 கிலோ 400 கிராம் இருந்த ஒன்று ஒரு வருடத்தில் 1 கிலோ 800 கிராமுக்கு வந்து நின்றது. எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஈரமானி இருந்தால் கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்திப் பாருங்கள், வெளிமுகம் ஏமாற்றும். 15 முதல் 20 சதவீத ஈரம் எனக்குச் சரியாக வருகிறது. அதற்கும் கீழே ரொம்ப இறங்கிய கட்டை சட்டென்று பற்றி எரிந்து தீர்ந்துவிடுகிறது. கருவி இல்லையா, இரண்டு கட்டையைத் தட்டிப் பாருங்கள்: காய்ந்தது கணீரென்னும், ஈரமானது மொத்தென்னும்.

ஈரக் கட்டையின் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே போகும். தீ மந்தமாகி அடர்ந்த வெள்ளைப் புகை வரும், இறைச்சி கசக்கும். நமக்கு வேண்டியது கண்ணுக்கே சரியாகத் தெரியாத மெல்லிய நீலப் புகை. அதனால்தான் மரச்சில்லுகளை ஊறவைப்பதையும் விட்டுவிட்டேன். கடின மரத்துக்குள் தண்ணீர் அவ்வளவாக இறங்காது, மேலே இருப்பது ஆவியாகும்வரை புகை தாமதமாகும், அவ்வளவுதான்.

மர வகைக்கு வந்தால், நீண்ட நேர வேலைக்கு ஓக், மீனுக்கு ஆப்பிள் அல்லது செர்ரி. மெஸ்கைட் காரமான புகை, கொஞ்சமாகத்தான் போடுவேன். பைன் போன்ற பிசின் மரமும், பெயின்ட் அடித்த, மருந்தேற்றிய பலகையும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

இப்போது அடுக்கில் இருப்பது போன வருடம் பிளந்த ஓக். நேற்றும் எடை பார்த்தேன், போன மாத எடையேதான். ஞாயிற்றுக்கிழமை முதல் கட்டையைப் போடப்போகிறேன்.