மளிகைக் கடைத் தராசில் மூன்று கேமரா

கும்பகோணத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். எடை போடுவதுதான் தொழில். அதனால் கேமரா விஷயத்திலும் விளம்பரத்தில் சொல்லும் எடையை நான் நம்புவதில்லை, தராசில் வைத்துப் பார்த்துவிடுவேன். பத்து வருஷமாகக் கழுத்தில் தொங்கிய நிக்கான் டி7200, அதன் 18-140 லென்ஸோடு 1 கிலோ 255 கிராம். ஒன்றேகால் கிலோ துவரம் பருப்பைக் கழுத்தில் கட்டிக்கொண்டு தேர்த் திருவிழா பார்த்த மாதிரி. போன வருஷம் கழுத்து பிடித்துக்கொண்டது. இனி உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராதான் என்று முடிவு செய்தேன்.

சோனி ஏ6400, ஃபூஜி எக்ஸ்-டி30 II இரண்டையும் சென்னையில் ஆளுக்கொரு வாரக்கடைசி வாடகைக்கு எடுத்தேன். ஒலிம்பஸ் இ-எம்10 மார்க் IV, சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சானுடையது. பேட்டரி, கார்டு போட்டுப் பாடியை மட்டும் வைத்தால் ஃபூஜி 380, ஒலிம்பஸ் 385, சோனி 405. (என் தராசு ஐந்து ஐந்து கிராமாகத்தான் காட்டும்.) அட, எல்லாம் ஒன்றுதானே என்று தோன்றியது. லென்ஸை மாட்டியதும் கதை மாறிவிட்டது. சோனியில் சிக்மா 56 மி.மீ. எஃப்1.4 லென்ஸ் (எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம் நுழையும்) போட்டால் 685. ஃபூஜியில் 35 மி.மீ. எஃப்2 போட்டால் 550. ஒலிம்பஸில் 45 மி.மீ. எஃப்1.8 போட்டால் சரியாக அரைக் கிலோ. ஒலிம்பஸில் படம் பதியும் சில்லான சென்சார் 17.3க்கு 13 மி.மீ.தான், அதனால் அதன் 45 கிட்டத்தட்ட சிக்மா 56 காட்டும் அளவுக்கே நெருக்கமாகக் காட்டும்.

பழைய நிக்கான் 50 மி.மீ. லென்ஸை வீணாக்க வேண்டாமே என்று சோனிக்கு ஒரு அடாப்டரும் வாங்கினேன். நிக்கானில் லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி 46.5 மி.மீ., சோனியில் 18. மிச்சம் 28.5 மி.மீ.யை அடாப்டர்தான் நிரப்ப வேண்டும். கண்ணாடியைக் கழற்றி மிச்சம் பிடித்த நீளம் அப்படியே ஒரு உலோகக் குழாயாகத் திரும்பி வந்துவிட்டது! ஃபோகஸையும் கையால்தான் திருப்ப வேண்டும். அந்தப் பணம் போனது போனதுதான்.

சோனியோடு போனது அண்ணன் மகளின் நடன நிகழ்ச்சிக்கு. மை தீட்டிய கண்ணை அதன் ஃபோகஸ் ஒரு முறை பிடித்ததென்றால் அவள் மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினாலும் விடுவதில்லை. சத்தம் வரக் கூடாதென்று நான் சைலன்ட் ஷட்டரைப் போட்டதுதான் தப்பு. எல்இடி விளக்கு துடிக்கிற துடிப்பு படத்தில் பட்டை பட்டையாக விழுந்து, அலாரிப்பு முழுக்கப் பாழ். மிருதங்கச் சத்தத்தில் ஷட்டர் சத்தம் யாருக்குக் கேட்கப் போகிறது? சாதா ஷட்டருக்கு மாறினேன். 1/500 நொடியில் எஃப்1.4 வைத்தால் ஐஎஸ்ஓ (இருட்டில் ஏற்றிக்கொள்ளும் எண், ஏற ஏறப் படத்தில் புள்ளி விழும்) 2000 போதுமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அதே மேடையில் அவள் மறுபடி ஆடினாள், ஒலிம்பஸோடு போனேன். எஃப்1.8 என்பதால் ஐஎஸ்ஓ 3200. சின்ன சென்சார் வேறு, இருட்டுப் பகுதியில் ரவை தூவினது போலப் புள்ளிகள். பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்பீர்கள். அது நம் கை ஆடுவதைத்தான் சமாளிக்கும், ஆடுகிறவளின் கையை அல்ல. ஃபோகஸும் தடுமாறியது. மெதுவாக ஆடும் பதத்துக்கு ஒலிம்பஸ் போதும், வேகமான தில்லானாவுக்கு சோனிதான்.

ஃபூஜியைப் பற்றிச் சொல்லாவிட்டால் மனசு கேட்காது. ஷட்டர் வேகத்துக்குத் தனித் திருகு. பார்த்தாலே கை போகிறது. அதிலுள்ள நிற அமைப்புகளில் ஒன்றான கிளாசிக் குரோமில் எங்கள் கடைத் தெருவே வேறு ஊர் மாதிரி வந்தது. ஆனால் வெல்வியா என்ற இன்னொரு அமைப்பில் அரக்குப் பட்டு கண்ணைக் குத்துகிறது, பாடியில் ஸ்டெபிலைசேஷனும் இல்லை.

அது ஏன் எனக்கு முக்கியம் என்றால், நான் படம் எடுப்பது பெரும்பாலும் கடையை ஆள் வசம் விட்டுவிட்டுப் போகும் சாயங்காலங்களில், பெரும்பாலும் தாராசுரத்தில். தொல்லியல் துறைக் கோயில், அனுமதி வாங்காமல் டிரைபாட் வைக்க முடியாது. மண்டபத் தூண்களில் உள்ளங்கை அளவுச் சிற்பங்கள், வெளிச்சமோ இறங்கிக்கொண்டே போகும். அங்கே ஒலிம்பஸை மூச்சை அடக்கிப் பிடித்துக் கால் நொடி திறந்தேன். மூன்றில் இரண்டு படம் ஊசி முனையாக வந்தது, ஐஎஸ்ஓவை 400க்கு மேல் ஏற்றவே இல்லை. சோனியில் அதே தூணுக்கு 6400 தேவைப்பட்டது. கல் நடனக்காரிகள் நகர்வதில்லை, அது எனக்கு வசதி.

கடைசியில் மச்சானின் கேமராவையே விலை பேசி வாங்கிவிட்டேன். அண்ணன் மகள் வருஷத்துக்கு இரண்டு தரம்தான் மேடையேறுகிறாள், அதற்கு சோனியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

குறை இல்லாமல் இல்லை. சார்ஜ் போடுவது பழைய மைக்ரோ யுஎஸ்பி, வீட்டில் அந்த ஒயர் ஒன்றுதான் பாக்கி, அதுவும் பையனின் மேசையில் இருக்கும். மழைக்குத் தாங்கும் பாடி இல்லை. தூறல் விழுந்தால் சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கும் காலி சர்க்கரைக் கவரை எடுத்துப் போர்த்திவிடுகிறேன். ஒரு கிலோ கவர், லென்ஸோடு கச்சிதமாக உள்ளே போகிறது.