ஷாம்பூவை நிறுத்தியபின் எந்தக் கண்டிஷனர்: லேசானதா, கோ-வாஷா, சிலிகான் உள்ளதா?

ஒன்றரை வருடமாக நான் ஷாம்பூ போடுவது மாதத்துக்கு ஒரு தடவைதான். மற்றபடி தலைக்குக் குளிக்கும்போதெல்லாம் கண்டிஷனரை வைத்தே தேய்த்து அலசுகிறேன். என்னுடையது அடர்த்தியான சுருட்டை முடி. ஷாம்பூ போட்ட மறுநாளே நுனியெல்லாம் வறண்டு, சீப்பு உள்ளே போகாத அளவுக்குச் சிக்கு விழும். அதனால்தான் இந்த முறைக்கு மாறினேன். மாறியது சரி, எந்தக் கண்டிஷனரால் அலசுவது என்று முடிவு செய்யத்தான் ஆறு மாதம் பிடித்தது.

மூன்று வகைகளை மாறி மாறிப் போட்டுப் பார்த்தேன். முதலாவது, சிலிகான் (முடிமேல் வழவழப்பான படலம் விடும் பொருள்) இல்லாத, கொஞ்சம் நீர்க்க இருக்கும் சாதாரணக் கண்டிஷனர். இரண்டாவது, ‘கோ-வாஷ்’ அல்லது ‘கிளென்சிங் கண்டிஷனர்’ என்று இதற்காகவே விற்பது. மூன்றாவது, சிலிகானும் எண்ணெயும் சேர்ந்த கெட்டியான ரகம். இப்போது என் குளியலறையில் நிரந்தரமாக இருப்பது முதல் வகைதான்.

நுரை எதிலும் வராது. வாசனை அவரவர் விருப்பம். முதல் அலசலில் மூன்றுமே முடியை மென்மையாக்கும். அதனால் கடையில் கையில் கொஞ்சம் தடவிப் பார்த்து முடிவெடுக்க முடியாது. ஒரு மாதம் கழித்து முடியில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

கண்டிஷனர் எப்படி அழுக்கை எடுக்கிறது என்பதை முதலில் புரிந்துகொண்டால் இது தெளிவாகும். ஷாம்பூவில் இருக்கும் சோடியம் லாரெத் சல்பேட் போன்றவை எதிர்மின்சுமை கொண்டவை. எண்ணெயைச் சூழ்ந்து பிடித்து, தண்ணீரோடு இழுத்துப்போய்விடும். கண்டிஷனரில் இருப்பவை நேர்மின்சுமை கொண்டவை. லேபிளில் பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, பெஹென்ட்ரைமோனியம் மெத்தோசல்பேட், செட்ரிமோனியம் குளோரைடு என்றெல்லாம் வரும். நனைந்த முடியின் மேற்பரப்பு எதிர்மின்சுமை கொண்டது என்பதால் இவை போய் ஒட்டிக்கொள்கின்றன. சேதமடைந்த நுனியில் இன்னும் அதிகமாக ஒட்டும். அந்த வழவழப்பு அங்கிருந்துதான் வருகிறது. இவற்றுக்கும் எண்ணெயைக் கொஞ்சம் இளக்கிவிடும் குணம் உண்டு, ஆனால் ஷாம்பூவின் வேகம் கிடையாது. மிச்ச வேலையை விரல் நுனியும் தண்ணீரும்தான் செய்யவேண்டும். ஏற்கெனவே இருக்கும் பிசுக்கையே மெதுவாக எடுக்கிற ஒரு பொருள், தன் பங்குக்குப் புதிதாக ஒரு படலத்தையும் விட்டுவிட்டுப் போனால் அதை எடுக்க யார் இருக்கிறார்கள்?

சிலிகான் உள்ள ரகத்தில் எனக்கு நடந்தது இதுதான். முதல் இரண்டு வாரம் முடி பளபளவென்று இருந்தது. சீப்பு வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாவது வாரம் சுருள்கள் தொங்க ஆரம்பித்தன. ஷவருக்கு அடியில் நின்றாலும் முடி நனைய நேரமாயிற்று, நனைந்தால் காயவும் நேரமாயிற்று. சீப்பின் பற்களில் சாம்பல் நிறத்தில் மெழுகு மாதிரி ஒன்று சேர்ந்தது. அப்புறம் உச்சியில் அரிப்பு. டைமெத்திகோன் என்ற சிலிகான் தண்ணீரில் கரையாது. வழக்கமாக ஷாம்பூ போடுபவர்களுக்கு அடுத்த குளியலில் அதில் பெரும்பகுதி போய்விடும், பிரச்சினையே தெரியாது. ஷாம்பூவை நிறுத்தியவர்களுக்கு அது படலத்தின் மேல் படலமாக ஏறும். கடைசியில் அதை எடுக்க நல்ல வீரியமான ஷாம்பூவை இரண்டு தடவை போடவேண்டி வந்தது. எதைத் தவிர்க்க நினைத்தேனோ அதையே செய்யவைத்தது அந்தக் கண்டிஷனர்.

எல்லா சிலிகானும் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். பெயருக்கு முன்னால் ‘பெக்’ என்று வரும் பெக்-12 டைமெத்திகோன் போன்றவை தண்ணீரில் கரையக்கூடியவை அல்லது கலந்துபோகக்கூடியவை. சைக்ளோபென்டாசிலாக்ஸேன் காற்றில் ஆவியாகிவிடும். அமோடைமெத்திகோன் நடுவில் நிற்பது: சேதமான இடங்களைத் தேடி ஒட்டும், ஆனால் வெறும் தண்ணீரில் வராது. இத்தனையையும் கடையில் நின்று பிரித்துப் பார்ப்பது சிரமம் என்பதால் ‘கோன்’ என்று முடியும் பெயர் பட்டியலில் இருந்தாலே நான் பாட்டிலைத் திருப்பி வைத்துவிடுகிறேன்.

லேபிளில் பொருட்கள் அளவில் அதிகமானதிலிருந்து குறைவானதை நோக்கி வரிசையாக இருக்கும். ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எந்த வரிசையிலும் போடலாம். அதனால் நான் முதல் ஐந்தாறு பெயர்களைத்தான் கவனமாகப் படிக்கிறேன். தண்ணீர், செட்டியரில் ஆல்கஹால், மேலே சொன்ன நேர்மின்சுமைப் பொருள் ஒன்று, கிளிசரின் என்று போனால் எடுத்துக்கொள்கிறேன். ஆல்கஹால் என்ற பெயரைப் பார்த்துப் பயப்படவேண்டாம். செட்டில், செட்டியரில், ஸ்டியரில் எல்லாம் மெழுகுபோன்ற கொழுப்பு ஆல்கஹால்கள், முடியை உலர்த்துபவை அல்ல. முதல் ஐந்துக்குள் ஷியா வெண்ணெயோ விளக்கெண்ணெயோ வந்தால் மட்டும் யோசியுங்கள். பாலிகுவாட்டர்னியம் என்று தொடங்குபவையும் சிலருக்குப் படியும். எனக்கு அவற்றால் தொந்தரவு வந்ததில்லை.

கோ-வாஷ் என்று விற்பவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவற்றில் பலவற்றில் கோகமிடோபுரொபில் பீட்டைன், டெசில் குளுக்கோசைடு மாதிரி மென்மையான சுத்திகரிப்பான் ஏதாவது கொஞ்சம் சேர்த்திருப்பார்கள். தினமும் வியர்ப்பவர்களுக்கும், சீக்கிரம் எண்ணெய் கசியும் தலைக்கும் லேசான கண்டிஷனரை விட இதுதான் பொருந்தும். நான் போட்டுப் பார்த்தது இரண்டே பாட்டில்கள். ஒன்று அருமையாக அலசியது. இன்னொன்றில் எண்ணெயும் வெண்ணெயும் ஏராளம், இரண்டு வாரத்தில் வேர்ப்பக்கம் பிசுபிசுத்துவிட்டது. முன்பக்கம் இரண்டிலும் ஒரே பெயர்தான். ஆகவே இதை வாங்கினாலும் பின்பக்கத்தைப் படித்தே ஆகவேண்டும். படிக்கத் தெரிந்துவிட்டால் சாதாரணக் கண்டிஷனரிலேயே நல்லதைப் பொறுக்கிவிடலாம். இந்த முறையில் ஒரு தடவைக்கு வழக்கத்தை விட மூன்று நான்கு மடங்கு அளவு செலவாகும் என்பதையும் கணக்கில் சேர்த்தால், சுலபமாகக் கிடைக்கும் எளிய பாட்டில்தான் நெடுநாளுக்குத் தாங்கும்.

லேசான ரகத்திலும் போடும் விதம் முக்கியம். முடி சொட்டச் சொட்ட நனைந்திருக்கவேண்டும். கண்டிஷனரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வேரில் படும்படி வைத்து, நகம் படாமல் விரல் நுனியால் மூன்று நான்கு நிமிடம் தேய்க்கிறேன். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் விட்டுப்போகும், அங்கே இன்னும் கொஞ்சம். அலசுவதற்கு அதைவிட அதிக நேரம் எடுக்கவேண்டும். புதிய பாட்டிலை நாலைந்து குளியலுக்குப் பிறகுதான் எடைபோடுகிறேன்: தலையில் ஊற்றிய தண்ணீர் உடனே உள்ளே இறங்குகிறதா, காயும் நேரம் கூடியிருக்கிறதா, உச்சியில் விரலால் வருடினால் மெழுகாக ஏதாவது வருகிறதா. மூன்றும் சரியாக இருந்தால் அதுவே என் பாட்டில்.

தோல் சீக்கிரம் சிவந்து அரிக்கும் சுபாவம் உள்ளவர்கள் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பதனப்பொருள் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒவ்வாமை தரக்கூடியது என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் இதை அலசிவிடும் பொருட்களில் 0.0015 சதவீதத்துக்கு மேல் சேர்க்க அனுமதிப்பதில்லை. நுனியில் மட்டும் தடவும் கண்டிஷனரில் இது பெரிய விஷயமில்லாமல் போகலாம். நாம் அதையே உச்சந்தலையில் கை நிறைய வைத்துத் தேய்க்கிறோம்.

பொடுகோ, செதில் செதிலாக உதிரும் தோலழற்சியோ இருந்தால் மூன்றில் எதையும் நான் சொல்லமாட்டேன். பொடுகில் பங்குள்ள மலசீசியா என்ற பூஞ்சை தலையின் எண்ணெய்ப்பசையைத் தின்றுதான் வாழ்கிறது. அந்த எண்ணெயை அரைகுறையாக விட்டுவைப்பது நல்லதல்ல. அதற்குக் கீட்டோகோனசோல் போன்ற மருந்து சேர்ந்த ஷாம்பூதான் வழி, தோல் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். மெல்லிய நேர்முடிக்கும் இந்த முறை பொருந்துமா என்று கேட்டால் தயக்கத்தோடுதான் பதில் சொல்வேன். என் தங்கைக்கு அப்படிப்பட்ட முடி. இதே லேசான கண்டிஷனரில் நாலாவது நாளே முடி தலையோடு ஒட்டிப்போய் அவள் நிறுத்திவிட்டாள். கோ-வாஷ் கொடுத்துப் பார்த்திருக்கலாம், அதற்குள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

மாதம் ஒரு ஷாம்பூவை நான் விடாததற்குக் காரணம் கடின நீர். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் முடியில் படிவதைக் கண்டிஷனர் எடுக்காது. இவற்றைப் பிடித்து இழுக்கும் இடிடிஏ சேர்ந்த ஒரு ஷாம்பூவை அன்று ஒரு தடவை போட்டு அலசிவிடுகிறேன். அந்த ஒரு நாள் மட்டும் கெட்டியான கண்டிஷனருக்கும் வேலை உண்டு. சிலிகான் இல்லாத கெட்டிக் கண்டிஷனர் ஒன்றை வேரில் படாமல் நுனிக்கு மட்டும் தடவி, பத்து நிமிடம் விட்டு அலசுகிறேன். அடுத்த குளியலிலிருந்து மறுபடியும் லேசானது.