ப்ளே ஸ்கூலில் இரண்டு வாரப் பழக்க வகுப்பு: 3,500 ரூபாய் கொடுக்கலாமா?

திருச்சி கே.கே. நகர் பக்கம் ஒரு ப்ளே ஸ்கூல். பெயர் போடவில்லை, பையன் இன்னும் அங்கேதான் போகிறான். ஜூனில் வகுப்பு ஆரம்பிக்கும் முன், மே கடைசியில் இரண்டு வாரம் குழந்தையையும் பெற்றோரையும் சேர்த்துப் பழக்குகிறோம் என்று தனியாக 3,500 ரூபாய் வாங்கினார்கள். அவனுக்கு அப்போது 2 வயது 10 மாதம். "நமக்கு என்ன பழக்கம் வேண்டியிருக்கு?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். முதல் நாள் கேட்டுக்கு வெளியே கண் கலங்கி நின்றது அவர்தான்.

முதலில் ஒரு சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் எங்களை ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள், முழங்கால் முகவாயில் இடிக்கிறது. ஆனால் அந்த மிஸ் பேசியது ஒவ்வொன்றும் உருப்படியான விஷயம். குழந்தை வேடிக்கை பார்க்கும்போது சொல்லாமல் நழுவாதீர்கள், அழுதாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டுப் போங்கள், போகிறேன் என்ற பிறகு நிற்காதீர்கள் என்றார். "12 மணிக்கு வரேன்" என்றால் அதற்குப் புரியாது, "டிபன் சாப்பிட்டு, ஒரு பாட்டு பாடி முடிச்சதும் அம்மா வந்துடுவேன்" என்று சொல்ல வேண்டுமாம், சொன்னால் வந்தே ஆக வேண்டுமாம். அப்புறம், "சேட்டை பண்ணினா மிஸ்கிட்ட சொல்லிடுவேன்" என்று வீட்டில் யாராவது மிரட்டுகிறீர்களா என்று கேட்டார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். எங்கள் வீட்டில் மாமனார் ஆறு மாதமாக அதைச் சொல்லித்தான் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். பூச்சாண்டி வேலையை மிஸ் தலையில் கட்டிவிட்டு, ஜூனில் அதே பூச்சாண்டியிடம் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டால் அவன் அழாமல் என்ன செய்வான்?

டிபன் பாக்ஸ் பற்றிச் சொன்னதைத்தான் நான் காதில் வாங்கவில்லை. பிள்ளை தானே திறக்கிற பாக்ஸா என்று வீட்டில் சோதித்துப் பாருங்கள் என்றார்கள். நான் நான்கு பக்கமும் கிளிப் உள்ள, பார்க்க அழகான ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். முதல் நாள் இரண்டு இட்லி போனது போலவே திரும்பி வந்தது. அன்று சாயங்காலமே பழைய எவர்சில்வர் டப்பாவை எடுத்து, மூடியைத் தூக்கித் திறக்க அவனுக்குப் பத்து தடவை விளையாட்டாகக் காட்டினேன். மறுநாள் டப்பா காலி. பேன்ட்டும் அப்படித்தான், பட்டன் வேண்டாம், எலாஸ்டிக்தான் சரி.

இனி குறைக்கு வருகிறேன். அன்றைக்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். குழந்தைக்கு எதற்குப் பயம், எப்படித் தூங்குவான், ஒன்றுக்கு வந்தால் வீட்டில் என்ன சொல்வான் என்று கேட்டு மூன்று பக்கம். அடடா, இவ்வளவு யோசிக்கிறார்களே என்று நானும் 'சுச்சு' என்று பெரிதாக எழுதி, அடிக்கோடும் போட்டுக் கொடுத்தேன். நாங்கள் வராந்தாவில்கூடக் காத்திருக்காமல் கிளம்பிவிட்ட நாலாம் நாள், மாற்று பேன்ட்டோடு வருகிறான், ஈரமானது கவரில். ஐந்தாம் நாளும் அதே. மிஸ்ஸைக் கேட்டால், "அவன் சொல்லவே இல்லைங்க" என்கிறார். இவனைக் கேட்டால், "நான் சுச்சு சுச்சுனு சொன்னேன்" என்கிறான். அவன் மழலையில் அது 'சூச்சூ' என்று வரும், மிஸ் ஷூ என்று நினைத்து அவனுடைய ஷூவைக் கழற்றி விட்டிருக்கிறார்! அந்தப் படிவம் ஆபீஸ் அறையில் ஃபைலில் பத்திரமாக இருந்தது, வகுப்புக்குப் போகவே இல்லை. காசு வாங்கிக்கொண்டு கேட்ட கேள்வியின் பதிலை யாரும் படிக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

கடைசியில் காப்பாற்றியது ஆயாம்மா. கேட்டிலேயே அவரிடம் சொன்னேன், அத்தோடு தீர்ந்தது. அழுகிற பிள்ளையை அவர் சமாதானம் செய்வதே கிடையாது. கையில் ஒரு சின்ன மக்கைக் கொடுத்து, "வா, முருங்கைக்குத் தண்ணி ஊத்தணும், அது காஞ்சு போச்சு" என்று பின்பக்கம் கூட்டிப் போய்விடுவார். பாதித் தண்ணீர் சட்டையில், மீதி செடியில், அழுகை எங்கே போனது என்று தெரியாது. என்னைக் கேட்டால் 3,500-இல் முக்கால்வாசி அவருக்குப் போக வேண்டும்.

மற்றவை எல்லாம் சுமார். பை, டீ ஷர்ட், தொப்பி என்று கட்டாயமாக 1,800 ரூபாய், பை அவன் முதுகை மறைத்து முட்டி வரை தொங்குகிறது, உள்ளே ஒரு டப்பாவும் ஒரு துண்டும். பிள்ளைகள் அழுகிற போட்டோவை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள், இரண்டு மூன்று பேர் சேர்ந்து சொன்ன பிறகு நிறுத்தினார்கள். இரண்டாவது வாரமே ஸ்டேண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன் என்று கோடு போடுகிற ஹோம்வொர்க் வேறு. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே இந்த வயதில் விளையாட்டு வழிக் கற்றல் என்றுதான் சொல்கிறது, மூன்று வயது ஆகாதவன் கையில் பென்சிலைத் திணித்து என்ன அவசரம்? நான் எழுத வைக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. தனியார் ப்ளே ஸ்கூல்களுக்கான தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதலில் 20 குழந்தைக்கு ஒரு ஆசிரியை, கூட ஒரு பராமரிப்பாளர் என்று இருக்கிறது. இங்கே எண்ணிப் பார்த்தேன், 23. சேர்க்கும் முன் நீங்களும் எண்ணுங்கள்.

பக்கத்து வீட்டில் பெண்ணை அங்கன்வாடிக்கு அனுப்பினார்கள். காசு கிடையாது, வாரத்தில் 3 நாள் முட்டை, அவள் ஒரே வாரத்தில் பழகிவிட்டாள். எங்கள் இருவரின் ஆபீஸ் நேரத்துக்கு அது ஒத்துவரவில்லை, இல்லாவிட்டால் நானும் யோசித்திருப்பேன்.

என் மதிப்பீடு ஐந்துக்கு மூன்றரை. பெற்றோர் கூட்டத்துக்கும் ஆயாம்மாவுக்கும் தாராளமாகக் கொடுக்கலாம், படிவத்தை மட்டும் நம்பாதீர்கள், சொல்ல வேண்டியதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மிஸ் கையிலும் ஆயாம்மா காதிலும் போட்டுவிடுங்கள். இவன் இப்போது தெளிவாகிவிட்டான், ஆனால் வீட்டிலும் ஒற்றை விரலைத் தூக்கிக்கொண்டு, என்னைப் பார்த்து "மிஸ், டாய்லெட்" என்கிறான்.